கேவிஎம் மேல் ஒரு சின்ன ஹைப்பர்வைசர்: கெஸ்ட்டின் ரெஜிஸ்டரும் மெமரியும் யார் கையில்?

லினக்ஸ் ஓடும் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி ஒன்று, சி மொழி கொஞ்சம், ஒரு மாலைப்பொழுது. இவை இருந்தால் கேவிஎம்மின் (லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும், மெய்நிகர் கணினிகளுக்கான வசதி) மேல் சுமார் 150 வரியில் ஒரு ஹைப்பர்வைசர், அதாவது மெய்நிகர் கணினியை ஓட்டும் நிரல், எழுதிவிடலாம். நாம் எழுதப்போவது 13 பைட் நீளமுள்ள ஒரு கெஸ்ட் நிரலை (மெய்நிகர் கணினிக்குள் ஓடுவதுதான் கெஸ்ட்) ஓட்டிவிட்டு நின்றுவிடும். ஆனால் கெஸ்ட்டின் நிலை எங்கே இருக்கிறது, அதன் மெமரி உண்மையில் யாருடையது என்ற இரண்டு கேள்விக்கும் அந்த 13 பைட்டிலேயே பதில் இருக்கிறது.

இதைப் புதியவர்களோடு உட்கார்ந்து பலமுறை செய்திருக்கிறேன். சி தெரியாமல் தடுக்கி விழுந்தவர்கள் குறைவு. ஒரு முகவரியைப் பார்த்ததும் "இது யாருடைய முகவரி?" என்று கேட்காமல் மேலே போனவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள்.

எண்களைப் பதின்மத்திலேயே தருகிறேன். ஒரு பேஜ் என்பது 4096 பைட்.

1. தொடங்கும் முன்

/ப்ராக்/சிபியுஇன்ஃபோ கோப்பில் இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற கொடி இருக்கிறதா என்று பாருங்கள். கொடி இருந்தும் /டெவ்/கேவிஎம் இல்லையென்றால் பயாஸில் அந்த வசதி அணைந்திருக்கும், அல்லது கெர்னல் மாட்யூல் ஏறியிருக்காது.

கோப்பு இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை என்றால் உங்கள் பயனர் பெயரை கேவிஎம் குழுவில் சேருங்கள். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். இதை மறந்துவிட்டு அரை மணி நேரம் நிரலைத் திட்டியவர்கள் உண்டு.

வேலை செய்வதே ஒரு கிளவுட் விஎம்முக்குள் (மெய்நிகர் கணினிக்குள்) என்றால், அங்கே நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன், அதாவது விஎம்முக்குள் இன்னொரு விஎம் ஓட்டும் வசதி, திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே உள்ள எதுவும் ஓடாது.

நிரலில் முதல் அழைப்பு கேவிஎம்_கெட்_ஏபிஐ_வெர்ஷன். விடை 12 ஆக இருக்க வேண்டும். வேறு எண் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. மூன்று டிஸ்கிரிப்டர்கள், மூன்று அடுக்குகள்

/டெவ்/கேவிஎம்மைத் திறந்தால் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் வரும். அதில் கேவிஎம்_கிரியேட்_விஎம் அழைத்தால் இரண்டாவது வரும். அந்த இரண்டாவதில் கேவிஎம்_கிரியேட்_விசிபியு அழைத்தால் மூன்றாவது வரும்.

முதலாவது கணினி முழுவதற்கும் பொதுவான கேள்விகளுக்கு. இரண்டாவது கெஸ்ட்டின் மெமரிக்கு. மூன்றாவது ஒரே ஒரு விசிபியுவின் (கெஸ்ட்டின் மெய்நிகர் பிராசஸர்) ரெஜிஸ்டர்களுக்கு. இப்படிப் பிரித்ததற்குக் காரணம் எளியது: ஒரு கெஸ்ட்டுக்கு நான்கு விசிபியு இருந்தாலும் மெமரி ஒன்றுதான், ரெஜிஸ்டர்கள் மட்டும் நான்கு செட்.

அழைப்பைத் தவறான டிஸ்கிரிப்டரில் விட்டால் ஈஇன்வல் அல்லது ஈநாட்டி பிழை வரும். பெரும்பாலானோர் சறுக்குவது கேவிஎம்_கெட்_விசிபியு_எம்மேப்_சைஸ் என்ற அழைப்பில். பெயரில் விசிபியு இருக்கிறதே என்று மூன்றாவதில் கேட்பார்கள். கேட்க வேண்டியது முதலாவதில், ஏனென்றால் அந்த அளவு எல்லா விசிபியுவுக்கும் ஒன்றே.

இன்னொரு விதி. விஎம்மை உருவாக்கிய ப்ராசஸ்தான் அதைக் கையாள முடியும். ஃபோர்க் செய்து பிள்ளை ப்ராசஸில் இருந்து அழைத்தால் ஈஐஓ பிழை வரும். கெஸ்ட்டின் மெமரி அந்த ப்ராசஸின் முகவரி வெளியோடு பிணைந்திருப்பதுதான் காரணம். அடுத்த பகுதியில் இது தெளிவாகும்.

3. மெமரி: முதலில் எம்மேப், பிறகு ஸ்லாட்

எம்மேப் என்ற லினக்ஸ் அழைப்பில் பெயரில்லாத மெமரியாக 16384 பைட், அதாவது நான்கு பேஜ் வாங்குங்கள். மாலாக் வேண்டாம். அது தரும் முகவரி பேஜ் எல்லையில் தொடங்கும் என்று உறுதி இல்லை. கேவிஎம் பேஜ் எல்லையைத்தான் ஏற்கும்.

அடுத்து, இரண்டாவது டிஸ்கிரிப்டரில் கேவிஎம்_செட்_யூசர்_மெமரி_ரீஜியன். அதில் நிரப்ப ஐந்து புலங்கள்: ஸ்லாட் (ஒரு மெமரிப் பகுதியின் பதிவு) எண் 0, கொடிகள் 0, கெஸ்ட் ஃபிசிகல் முகவரி 0, அளவு 16384, கடைசியாக எம்மேப் தந்த உங்கள் முகவரி.

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். கெர்னல் உங்கள் மெமரியை எங்கும் நகல் எடுக்கவில்லை. "கெஸ்ட் தன் ஃபிசிகல் மெமரி 0 முதல் 16383 வரை என்று நினைப்பது, இந்த ப்ராசஸின் இந்த இடம்" என்று ஒரு வரி குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கெஸ்ட்டுக்கு அது ராம். உங்களுக்கு அது ஒரு சாதாரண பைட் வரிசை. இரண்டு பேரும் ஒரே பேஜைத்தான் பார்க்கிறீர்கள்.

அதனால் நான்கு வகை முகவரிகள் புழங்குகின்றன. கெஸ்ட் நிரல் பயன்படுத்தும் விர்ச்சுவல் முகவரி ஒன்று. அதைக் கெஸ்ட்டின் பேஜ் டேபிள் கெஸ்ட் ஃபிசிகலாக மாற்றும். ஸ்லாட் பதிவு அதை உங்கள் ப்ராசஸின் விர்ச்சுவல் முகவரியோடு பொருத்தும். கடைசியாக லினக்ஸ் அதற்குக் கொடுத்த உண்மையான ராம் முகவரி.

ஓடும்போது ஒவ்வொரு முறையும் இந்த நீண்ட வழியில் போனால் தாங்காது. அதனால் கெஸ்ட் ஃபிசிகலில் இருந்து நேராக உண்மையான ராமுக்குப் போகும் இரண்டாவது பேஜ் டேபிளை கேவிஎம் கட்டிவைக்கிறது. இன்டெலில் அதற்கு இபிடி என்று பெயர், ஏஎம்டியில் என்பிடி. கெஸ்ட் ஒரு பேஜை முதன்முதலில் தொடும்போதுதான் அதற்கான வரி அந்த டேபிளில் எழுதப்படும். இது இலவசமும் அல்ல: இரண்டு டேபிள்களும் நான்கு நிலை கொண்டவை என்றால், டிஎல்பியில் (ஏற்கெனவே மொழிபெயர்த்த முகவரிகளை பிராசஸர் நினைவில் வைக்கும் இடம்) விடை இல்லாதபோது ஒரு முகவரியை மொழிபெயர்க்க 24 மெமரி அணுகல்கள் வரை ஆகும்.

இந்தப் படியில் வழக்கமாக வரும் பிழைகள்: அளவு 4096 இன் மடங்காக இல்லையென்றால் ஈஇன்வல். இரண்டு ஸ்லாட்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் ஈஎக்ஸிஸ்ட். இருக்கும் ஸ்லாட்டைப் பெரிதாக்கவும் முடியாது. அளவு 0 என்று கொடுத்து அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும்.

"கெஸ்ட் நிரலை மெமரியில் போடுவது ஸ்லாட் பதிவுக்கு முன்பா, பின்பா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஏன் என்று உங்களுக்கே தெரிந்தால் இந்தப் பகுதி பிடிபட்டுவிட்டது.

4. 13 பைட் கெஸ்ட்

உங்கள் வரிசையின் 4096 ஆம் இடத்தில் தொடங்கி இந்த பைட்களை எழுதுங்கள்:

186, 248, 3: டிஎக்ஸ் ரெஜிஸ்டரில் 1016 என்ற எண்
176, 65: ஏஎல் ரெஜிஸ்டரில் 65
238: ஏஎல்லில் உள்ளதை டிஎக்ஸ் சொல்லும் போர்ட்டுக்கு அனுப்பு
162, 0, 32: ஏஎல்லை 8192 ஆம் முகவரியில் எழுது
162, 0, 128: ஏஎல்லை 32768 ஆம் முகவரியில் எழுது
244: நில்

1016 என்பது பிசியின் முதல் சீரியல் போர்ட். வேறு எண்ணையும் வைக்கலாம், போர்ட்டின் மறுமுனையில் இருப்பது நாம்தானே.

மெமரியில் எழுதும் அந்த இரண்டு கட்டளைகளையும் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். 8192 நாம் கொடுத்த நான்கு பேஜுக்குள் இருக்கிறது. 32768 வெளியே இருக்கிறது. கெஸ்ட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

5. விசிபியு: ரெஜிஸ்டர்களை நிரப்பும் முறை

கெஸ்ட் ஓடாதபோது அதன் ரெஜிஸ்டர்கள் எங்கே இருக்கின்றன? இன்டெலில் விஎம்சிஎஸ், ஏஎம்டியில் விஎம்சிபி என்ற ஒரு பகுதியை கேவிஎம் ஒவ்வொரு விசிபியுவுக்கும் வைத்திருக்கிறது. செக்மென்ட்கள், கன்ட்ரோல் ரெஜிஸ்டர்கள், ஆர்ஐபி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) போன்றவற்றை உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் பிராசஸரே அதிலிருந்து எடுக்கும், அதில் வைக்கும். ஆனால் இன்டெலில் ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் முகவரி) தவிர மற்ற பொது ரெஜிஸ்டர்களை பிராசஸர் தொடுவதில்லை. அவற்றைச் சேமித்து மீட்பது கேவிஎம்மின் சொந்த வேலை. நாம் அந்தப் பகுதியை நேரடியாகத் தொட முடியாது. ஐஓசிடிஎல் (டிஸ்கிரிப்டரில் நாம் விடும் இந்த கேவிஎம் அழைப்புகள்) வழியாகக் கேட்கலாம், கொடுக்கலாம்.

விசிபியு உருவானதும், நிஜ கணினியை ஆன் செய்ததும் இருக்கும் நிலையில் இருக்கும். சிஎஸ் அடிப்படை 4294901760, ஐபி 65520. கூட்டினால் 4 ஜிபிக்கு 16 பைட் முன்னால். பயாஸ் இருக்க வேண்டிய இடம் அது. நம்மிடம் பயாஸ் இல்லை, அங்கே மெமரியும் இல்லை. எனவே இரண்டையும் மாற்ற வேண்டும்.

முதலில் கேவிஎம்_கெட்_எஸ்ரெக்ஸ், செக்மென்ட், கன்ட்ரோல் ரெஜிஸ்டர்களை வாங்கும் அழைப்பு. வந்ததில் சிஎஸ்ஸின் அடிப்படையையும் செலக்டரையும் மட்டும் 0 ஆக்கி கேவிஎம்_செட்_எஸ்ரெக்ஸ் மூலம் திருப்பிக் கொடுங்கள். வாங்காமல், ஸ்ட்ரக்ட்டை முழுவதும் பூஜ்யமாக்கி அனுப்பாதீர்கள். செக்மென்ட்களின் வகை, இருப்புக் கொடி எல்லாம் அழிந்துவிடும். பிராசஸர் பெரும்பாலும் உள்ளே நுழையவே மறுத்துவிடும்.

அப்புறம் பொது ரெஜிஸ்டர்களுக்கும் ஆர்ஐபிக்கும் கேவிஎம்_செட்_ரெக்ஸ். இங்கே பூஜ்யத்தில் தொடங்கலாம். ஆர்ஐபி 4096, ஆர்ஃபிளாக்ஸ் 2. அந்த 2 எதற்கு? ஃபிளாக்ஸ் ரெஜிஸ்டரில் அந்த பிட் எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும் என்பது எக்ஸ்86 விதி. சில கெர்னல்கள் தாமாகவே போட்டுக்கொள்ளும், நாம் அதை நம்பியிருக்க வேண்டாம்.

ஆர்ஐபியில் எம்மேப் தந்த முகவரியோடு 4096 ஐக் கூட்டிப் போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். ஆர்ஐபி கெஸ்ட்டின் பார்வையில் உள்ள எண். உங்கள் ப்ராசஸில் அந்த மெமரி எங்கே இருக்கிறது என்பது கெஸ்ட்டுக்குத் தெரியவே கூடாது.

6. ஓட்டும் வளையம்

முதல் டிஸ்கிரிப்டரில் கேட்டு வாங்கிய அளவுக்கு, மூன்றாவது டிஸ்கிரிப்டரை எம்மேப் செய்யுங்கள். கிடைப்பது கேவிஎம்_ரன் என்ற ஸ்ட்ரக்ட். கெஸ்ட் ஏன் வெளியே வந்தது என்பதை கெர்னல் இதில் எழுதிவைக்கும்.

வளையத்தில் கேவிஎம்_ரன் அழைப்பை விடுங்கள். அழைத்த அதே த்ரெட்தான் கெஸ்ட்டாக ஓடும். பின்னணியில் வேறு யாரும் ஓட்டுவதில்லை. அது திரும்பும்போது எக்ஸிட் காரணத்தைப் பாருங்கள். நம் 13 பைட்டுக்கு மூன்று எக்ஸிட்கள் வர வேண்டும்.

முதலாவது ஐஓ எக்ஸிட், காரணம் எண் 2. போர்ட் 1016, திசை வெளியே, அளவு 1. அனுப்பிய பைட், ஸ்ட்ரக்ட்டின் தொடக்கத்தில் இருந்து டேட்டா_ஆஃப்செட் தூரத்தில் இருக்கும். இந்தத் தூரம் பைட் கணக்கு. ஸ்ட்ரக்ட் பாயின்டரோடு நேராகக் கூட்டினால், சி அதை ஸ்ட்ரக்ட்டின் அளவால் பெருக்கிவிடும். எங்கோ போய்ப் படித்து நிரல் விழும். முதலில் கேர் பாயின்டராக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். இங்கே 65 வரும், அச்சிட்டால் லத்தீன் அகரவரிசையின் முதல் எழுத்து.

இரண்டாவது எம்எம்ஐஓ (மெமரி முகவரி வழியாகச் சாதனத்தோடு பேசுவது) எக்ஸிட், காரணம் எண் 6. முகவரி 32768, நீளம் 1, எழுதும் செயல், தரவு 65. ஸ்லாட் இல்லாத இடத்தைக் கெஸ்ட் தொட்டது. அது பிழை என்று கேவிஎம் முடிவு கட்டுவதில்லை, "இங்கே ஏதாவது சாதனம் வைத்திருக்கிறீர்களா?" என்று நம்மைக் கேட்கிறது. நிஜ ஹைப்பர்வைசர்களில் டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் வாழ்கின்றன.

மூன்றாவது எச்எல்டி (நம் 'நில்' கட்டளை), காரணம் எண் 5. வளையத்தை விட்டு வெளியேறலாம்.

8192 க்கு எழுதியது எங்கே போனது? எக்ஸிட்டே வரவில்லை. முதல்முறை தொட்டதால் இபிடியில் வரி இல்லாமல் பிராசஸர் கேவிஎம்மிடம் வந்திருக்கும். கேவிஎம் ஸ்லாட்டைப் பார்த்து, பேஜைப் பொருத்தி, நம்மிடம் சொல்லாமலே கெஸ்ட்டைத் திருப்பி அனுப்பியிருக்கும். உங்கள் வரிசையின் 8192 ஆம் பைட்டைப் பாருங்கள், 65 இருக்கும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். (32768 ஆம் பைட்டையும் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அது உங்கள் எம்மேப்புக்கு வெளியே. விழப்போவது கெஸ்ட் அல்ல, நீங்கள்.)

சரி, வளையத்தில் வரும் தொல்லைகள்.

கேவிஎம்_ரன் ஈஇன்ட்ஆர் என்று திரும்பினால் அது பிழை அல்ல. ஏதோ சிக்னல் வந்திருக்கிறது, மீண்டும் அழையுங்கள்.

தெரியாத எக்ஸிட் காரணம் வந்தால் எண்ணை அச்சிட்டு நிறுத்துங்கள். "பார்க்கலாம்" என்று வளையத்தைத் தொடரவிட்டால் அதே எக்ஸிட் முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கலாம். காரணம் 9 என்றால் பிராசஸர் நுழையவே மறுத்துவிட்டது, ரெஜிஸ்டர்களைச் சரிபாருங்கள். 8 என்றால் ஷட்டவுன்; பெரும்பாலும் கெஸ்ட் ட்ரிபிள் ஃபால்ட்டில் (பிழையைக் கையாளப் போய் மேலும் மேலும் பிழை) விழுந்திருக்கிறது.

கேவிஎம்_கிரியேட்_ஐஆர்க்யூசிப் அழைப்பை எங்கிருந்தாவது நகலெடுத்துப் போட்டிருந்தால் எச்எல்டி எக்ஸிட் வரவே வராது. இன்டரப்ட் கன்ட்ரோலர் கெர்னலுக்குள் வந்துவிட்டதால், இன்டரப்ட் வரும்வரை காத்திருப்பதையும் கெர்னலே பார்த்துக்கொள்ளும். நம் கெஸ்ட்டுக்கு எந்த இன்டரப்ட்டும் வராது, நிரல் அப்படியே தொங்கும். ஒருமுறை இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு மதியம் போயிற்று.

கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு த்ரெட்டில் இருந்து கேவிஎம்_கெட்_ரெக்ஸ் அழைத்தாலும் தொங்கும். விசிபியுவின் பூட்டு ஓடும் த்ரெட்டிடம் இருக்கிறது. முதலில் சிக்னல் அனுப்பி அதை வெளியே வரவழையுங்கள்.

7. 64 பிட்டுக்குப் போகும்போது

இதுவரை ஓடியது 16 பிட் ரியல் மோட். 64 பிட்டில் பேஜ் டேபிள் கட்டாயம், பயாஸ் இல்லாததால் அதையும் நாம்தான் கட்ட வேண்டும்.

ஸ்லாட்டை 2 எம்பி ஆக்குங்கள், அதாவது 2097152. 8192 இல் முதல் நிலை டேபிள், 12288 இல் இரண்டாவது, 16384 இல் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் முதல் பதிவு மட்டும் போதும், ஒவ்வொரு பதிவும் 8 பைட். முதலாவதில் 12291, இரண்டாவதில் 16387, மூன்றாவதில் 131. அடுத்த டேபிளின் முகவரியோடு 3 கூட்டியிருப்பது "இருக்கிறது, எழுதலாம்" என்ற இரண்டு பிட்கள். 131 இல் கூடுதலாக இருக்கும் 128, "இதற்குக் கீழே டேபிள் இல்லை, இது முழு 2 எம்பி பேஜ்" என்று சொல்கிறது.

இந்தப் பதிவுகளில் இருப்பவை எல்லாம் கெஸ்ட் ஃபிசிகல் முகவரிகள். டேபிளை நிரப்புவது உங்கள் சி நிரல், அதன் கையில் இருப்பது சி பாயின்டர். அதனால் கை தன்னையறியாமல் பாயின்டரையே பதிவில் எழுதிவிடும். விளைவு: முதல் கட்டளையிலேயே பேஜ் ஃபால்ட், கையாள ஐடிடி (எந்தப் பிழைக்கு எந்த நிரல் என்று சொல்லும் டேபிள்) இல்லை, ட்ரிபிள் ஃபால்ட், எக்ஸிட் 8. 64 பிட்டுக்கு மாறியதும் 8 வந்தால் முதலில் இந்த மூன்று எண்களையும் அச்சிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்து எஸ்ரெக்ஸ். சிஆர்3 இல் 8192. சிஆர்4 இல் பிஏஇ பிட், மதிப்பு 32. சிஆர்0 இல் பிஇ, பிஜி பிட்கள். இஃபர் என்ற ரெஜிஸ்டரில் 64 பிட் மோடுக்கான எல்எம்இ, எல்எம்ஏ பிட்கள் இரண்டும், மதிப்பு 1280. சிஎஸ்ஸில் எல் பிட் 1, டிபி பிட் 0.

நிஜ பிராசஸரில் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, குறிப்பிட்ட வரிசையில் போட வேண்டும்; எல்எம்ஏ பிட்டை பிராசஸரே ஏற்றிக்கொள்ளும். இங்கே எல்லாம் ஒரே அழைப்பில் போவதால் வரிசை முக்கியமில்லை, முழுப் படமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எல்எம்இ, பிஜி போட்டுவிட்டு எல்எம்ஏவை மறந்தால் புதிய கெர்னல்கள் ஈஇன்வல் என்று திருப்பி அனுப்பும்.

பழைய 13 பைட்டை இங்கே அப்படியே ஓட்ட முடியாது. 64 பிட்டில் 186 க்குப் பின்னால் இரண்டு பைட் அல்ல, நான்கு பைட் எண்ணை பிராசஸர் எதிர்பார்க்கும். அதோடு 8192 இல் இப்போது பேஜ் டேபிள் இருக்கிறது.

8. நிலையைச் சேமித்து மீட்பது

ரெஜிஸ்டர்கள் நம்மால் வாங்கக்கூடியவை, மெமரி நம்முடைய வரிசை. இரண்டையும் கோப்பில் எழுதினால் ஸ்னாப்ஷாட் ஆயிற்று என்று தோன்றும். கிட்டத்தட்ட சரி.

முதல் சிக்கல், ஐஓ அல்லது எம்எம்ஐஓ எக்ஸிட்டில் நிற்கும்போது அந்தக் கட்டளை இன்னும் முடியவில்லை. அடுத்த கேவிஎம்_ரன் அழைப்பின் தொடக்கத்தில்தான் கெர்னல் அதை முடிக்கும். அதற்குள் ஆர்ஐபியைப் படித்தால் பழைய கட்டளையையே காட்டலாம். மீட்டபின் அதே பைட் இரண்டாவது முறை போர்ட்டுக்குப் போகும். எனவே சேமிக்கும் முன் கேவிஎம்_ரன் ஸ்ட்ரக்ட்டில் இம்மீடியட்_எக்ஸிட்டை 1 ஆக்கி ஒருமுறை அழையுங்கள். பாதியில் நின்றதை முடித்துவிட்டு, கெஸ்ட்டை ஓட்டாமலே ஈஇன்ட்ஆர் என்று திரும்பும். பிறகு அதை மறக்காமல் 0 ஆக்குங்கள்.

இரண்டாவது, ரெக்ஸும் எஸ்ரெக்ஸும் மட்டும் முழு நிலை ஆகாது. நம் 13 பைட்டுக்குப் போதும். ஒரு லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது என்றால் எஃப்பியு (தசம எண் கணக்குப் பகுதி), எம்எஸ்ஆர்கள் (பிராசஸரின் தனி அமைப்பு ரெஜிஸ்டர்கள்), லோக்கல் ஏபிக் (விசிபியுவின் இன்டரப்ட் கன்ட்ரோலர்), காத்திருக்கும் இன்டரப்ட்கள் எல்லாம் வேண்டும். மீட்கும்போது சிபியுஐடியை (கெஸ்ட்டின் பிராசஸருக்கு என்னென்ன வசதிகள் என்ற பட்டியல்) முதலில் கொடுங்கள். மற்ற பல மதிப்புகளைச் சரிபார்க்க கேவிஎம் அதைத்தான் பார்க்கிறது.

மூன்றாவது மெமரி. ஒவ்வொரு முறையும் முழுவதையும் எழுத வேண்டாம் என்றால் ஸ்லாட்டின் கொடியில் கேவிஎம்_மெம்_லாக்_டர்ட்டி_பேஜஸ் போடுங்கள். கேவிஎம்_கெட்_டர்ட்டி_லாக் ஒரு பிட்மேப் தரும், பேஜுக்கு ஒரு பிட். ஆனால் அதில் கெஸ்ட் எழுதியவை மட்டுமே இருக்கும். உங்கள் சாதன எமுலேஷன் சி பாயின்டர் வழியாக அதே மெமரியில் எழுதியிருந்தால் அந்த பேஜ் சுத்தமாகவே காட்டும். நீங்கள் எழுதியதற்கு நீங்களே தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

9. மூடும்போது

கெஸ்ட் ஓடி முடியும் முன் அதன் மெமரியை மன்மேப் (எம்மேப்பில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது) செய்யாதீர்கள். ஸ்லாட் பதிவு அப்படியே இருக்கும், பின்னால் மெமரி இருக்காது. கெஸ்ட் அதைத் தொட்டதும் கேவிஎம்_ரன் ஈஃபால்ட் என்று திரும்பும். முதலில் ஓட்டும் த்ரெட்டை நிறுத்துங்கள், பிறகு கேவிஎம்_ரன் ஸ்ட்ரக்ட்டை மன்மேப் செய்து விசிபியு டிஸ்கிரிப்டரை மூடுங்கள், பிறகு விஎம் டிஸ்கிரிப்டர், கடைசியாக மெமரி. விசிபியு டிஸ்கிரிப்டர் ஒன்று திறந்திருந்தாலும் விஎம் உயிரோடுதான் இருக்கும்.